பாவில்லை, ஊடையில்லை

முதல் நாள் நான் பிசிறுதான் தேடினேன்.
சோமனூர்க்காரன் கையில் எந்தத் துணி கிடைத்தாலும்
விரல் தானாக ஓரத்துக்குப் போகும்,
ஓர் இழையை உருவும்,
எத்தனையாம் நம்பர் நூல் என்று நெருடிப் பார்க்கும்.
தொப்பியின் விளிம்பில் உருவ ஒன்றுமில்லை.
பாவில்லை, ஊடையில்லை,
அறுந்தால் முடிச்சுப் போட ஆளும் வேண்டியதில்லை.
வெறும் ஆட்டுமயிர்.
வெந்நீரும் சவுக்காரமும் ஊற்றி
உருட்டி உருட்டிக் கசக்கியதில்
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்று நிற்கிறது.
இருபத்தாறு வருசம் தறி ரிப்பேர் பார்த்தவனுக்கு
இது கொஞ்சம் அவமானம்தான்.

போத்தனூர் ரயில்வே காலனிக்குப் பின்னால் டெஸ்மண்ட் வீடு.
லேத்துக்கு பெல்ட் மாற்றத்தான் போனேன்.
பம்பு கம்பெனி வேலையை விட்டுவிட்டுத்
தொப்பி செய்கிறான், முப்பது வயசு.
வேப்பங்கட்டையில் கடைந்த தலைகள்
அலமாரி முழுக்க, கண்ணில்லாமல், வாயில்லாமல்.
இட்லிக் குண்டா ஆவியில் ஒரு தொப்பியைக் காட்டி
கட்டைமேல் கவிழ்த்து இழுத்தான்.
நான் பார்த்த பார்வையைப் பார்த்துவிட்டு
டேப்பை எடுத்து என் தலையைச் சுற்றினான்.
"ஏழேகால்ண்ணா.
ஆனா இடதுபக்கம் ஒரு பள்ளம் இருக்கு."

இருக்கும்.
பதினேழு வயசில் நாடா எகிறி அடித்த இடம்.
முடி வெட்டும் ரங்கராசு
கத்திரியை அதைச் சுற்றித்தான் ஓட்டுவார்.
பெண் பார்க்கப் போன அன்று
அந்தப் பக்கத்தைச் சுவருக்குக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.
டெஸ்மண்ட் அதைப் பெருவிரலால் ஒருமுறை தடவினான்,
கட்டையில் அதே இடத்தை
அரத்தால் ராவ ஆரம்பித்தான்.

நாலாயிரத்து எண்ணூறு. மூன்று தவணை.

கம்மங்கூழ் ஆறினால் மேலே ஆடை படியுமே, அந்த நிறம்.
டீக்கடையில் கேட்டார்கள்:
"ஏனுங் தொரை, குதிரை எங்கீங்?"
டிவிஎஸ் ஃபிஃப்டியை ஸ்டாண்டு போட்டேன்.
"தண்ணி குடிச்சுட்டு வருதுங்."

ஆடி மாசம்
பாலக்காட்டுக் கணவாயிலிருந்து புறப்படும் காற்று
பல்லடம் ரோட்டில் யாரையும் விசாரிப்பதில்லை.
ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை தலையில்.
கரடிவாவி தாண்டி ஒரு கோழிப்பண்ணை லாரி வந்தபோது
இரண்டு கையும் தேவைப்பட்டது.
தொப்பி எழுந்தது,
ஒரு காக்காய் மாதிரி யோசித்தது,
சோளக்காட்டுக்குள் இறங்கி விளிம்பில் உருண்டது.
நான் ஓடினேன்.
வேட்டியை மடித்துக் கட்டாமலே ஓடினேன்.
கடைசியாக எதற்காக ஓடினேன் என்று
திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தேன்,
ஞாபகம் வரவில்லை.

கல்யாண மண்டபங்களில் அது என் மடியில் இருக்கும்.
யாராவது குழந்தையை நீட்டினால்
இடமில்லை என்கிறேன்.
பொழுதோடு வீட்டுக்கு வந்து கழற்றியதும்
உள்பட்டையை மோந்து பார்ப்பேன்:
நனைந்த ஆடு, தறி ஆயில், அப்புறம் நான்.
ஆணியில் மாட்டினாலும்
என் பள்ளம் அதில் அப்படியே இருக்கிறது.
நான் இல்லாதபோதும் அந்த இடத்தில்
என் தலை கொஞ்சம் இருக்கிற மாதிரி.

சம்பூரணம் ஒரு வாரம் பேசவில்லை.
கரண்டு பில்லைத் தொப்பிக்குப் பக்கத்து ஆணியில் குத்தி வைத்தாள்.
இரண்டும் காற்றில் ஆடும், நான் இரண்டையும் பார்க்க வேண்டும்.

நேற்று ராத்திரி ஷிப்டுக்கு நூல் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு
உள்ளே வந்தால்
கண்ணாடி முன்னால் நிற்கிறாள்,
தொப்பி காதுக்குக் கீழே இறங்கி
மூக்குத்தி மட்டும் வெளியே தெரிகிறது.
சுவருக்கு அந்தப்பக்கம் எட்டுத் தறி.
கல்யாணமாகி வந்த நாளாய்
அதற்கு மேலே கத்தித்தான் நாங்கள் பேசுகிறோம்,
சோறு கேட்டாலும், சண்டை போட்டாலும்.

"தறி எங்கியோ தூரத்துல ஓடுதுங்," என்றாள்.
சின்னக் குரலில்.
எனக்குச் சரியாக விழவில்லை.

என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

அவளுக்கு அது கேட்கவில்லை.